இருபத்து நான்கில் நான்கு

ஆகஸ்ட் 3

மன்னார்குடியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, வீடு வந்து சேரப் பத்து மணி. ஓசூர் ஆலையில் ஆறு வாரம் லைன் நிறுத்தம். அங்கே நான் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். தெர்மாமீட்டர் காட்டுவது பொய்யா மெய்யா என்று பார்ப்பதுதான் வேலை. இது ஷிப்ட் லாக் எழுதக் கொடுத்த நோட்டு. பாதி காலியாக இருந்ததால் எடுத்து வந்தேன். எழுதி வைக்காத எதையும் நான் நம்புவதில்லை.

கொட்டகை மோசம். ஒன்பது ஏக்கருக்குப் பத்து மூட்டை விதை நெல் அடுக்கியிருக்கிறது. நான்கு மூட்டையில் அடிப்பக்கம் ஓட்டை. ஒரு சதுர அடியில் எலிப் புழுக்கை நாற்பத்தொன்று, எண்ணினேன். இருபத்தைந்தாம் தேதி நாற்று விட வேண்டும். இந்த ரக விதை இப்போது கடையில் கிடைக்காது. இன்னும் இரண்டு மூட்டை போனால் ஒரு ஏக்கர் தரிசு.

அப்பா இறந்து மூன்று வருடமாக வயலைப் பார்த்துக்கொள்பவர் வேதையன். ஐம்பது வயதிருக்கும்.

"எத்தனை எலிண்ணே இருக்கும்?" என்று கேட்டேன்.

"எலிய யாரு தம்பி எண்ணுனா? அதுவோ என்னா ரேஷன் கார்டா வச்சிருக்கு?"

இந்த மாதிரிப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை.

கொட்டகையில் பூச்சி மருந்து வைக்கும் அலமாரி துடைத்துவிட்டது போல் காலி. எல்லாம் வேதையன் வீட்டில் இருக்கிறதாம். நம் மருந்துக்கு அவர் வீட்டில் என்ன வேலை? அம்மாவைக் கேட்டால், "நாத்தம் தாங்கலடா, அதான்" என்கிறாள். முப்பது வருடமாகத் தாங்கிய நாற்றம்.

அக்கா தமயந்தி நான்கு மாதமாக இங்கேதான் இருக்கிறாள். புகுந்த வீடு கும்பகோணம். ஏப்ரலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். ஆலையில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது, நான் வரவில்லை. இப்போது ரொம்ப இளைத்திருக்கிறாள். "ஒனக்கு முடி கொட்டுதுடா கோபு" என்றாள். வேறு பேச்சில்லை.

பாத்ரூம் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லை. திருகு ஓட்டை மட்டும் நான்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 4

தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். பத்து நிமிட வேலை. இதைச் செய்யக்கூட இந்த வீட்டில் ஆளில்லை.

அக்கா ஒரு மணி நேரம் குளித்தாள். தொட்டி காலி. திட்டினேன். அம்மா வெளியே நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். மோட்டார் போட்டால் நிரம்பப்போகிற தொட்டிக்கு எதற்கு இத்தனை பதற்றம்?

வேதையன் வரப்பில் கிட்டி வைக்கிறார். மூங்கிலை வில் மாதிரி வளைத்து, நடுவில் இரை வைத்து, எலி தொட்டால் கழுத்தில் விழுகிற மாதிரி ஒரு பொறி. பத்து வைத்தார். மூன்று விழுந்தது. முப்பது சதவீதம். இந்தத் திறனில் எந்தக் கருவியையும் நான் பாஸ் பண்ண மாட்டேன்.

வளையைத் தோண்டினால் எலி பதுக்கிய நெல் கிடைக்கும். அது தோண்டியவருக்கு, இங்கே அதுதான் வழக்கம். ஆக, எலி இருந்தால் இவருக்கு ஆதாயம். குறித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5

உரக்கடையில் எலி மருந்து கேக் இருபத்து நான்கு வாங்கினேன். நீல நிறம், தேய்ந்த சோப்பு அளவு. பி.வி.சி. குழாயை ஒரு அடித் துண்டுகளாகப் பன்னிரண்டு அறுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்தேன். ஒன்று முதல் பத்து வரை கொட்டகைக்கு உள்ளே. பதினொன்றும் பன்னிரண்டும் வட சுவருக்கு வெளியே, கிணற்றடிக்குப் போகிற பக்கம். குழாயில் எண் எழுதியது அக்கா. என் கையெழுத்து கோணல்.

"மொத்தம் எத்தனடா?" என்று கேட்டாள்.

"இருபத்துநாலு."

"கணக்கா வச்சிக்க" என்று சொல்லிவிட்டு மார்க்கரை மூடிக் கொடுத்தாள்.

வாசற்படி இடுக்கை சிமெண்ட் வைத்து அடைத்தேன். வட சுவரிலும் கை நுழைகிற அளவு ஓட்டை ஒன்று இருக்கிறது. குழைத்த சிமெண்டில் மீதி இருந்தும் அதற்குள் உரக்கடையிலிருந்து போன் வந்து, எலி ஏறாமல் சுற்றுகிற தகரம் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

11, 12 காலி. நான்கு கேக்கும் இல்லை. எலி கடித்தால் துகள் சிதறும். ஒரு துகள்கூட இல்லை. பெருச்சாளி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். இருந்தாலும் இரண்டு குழாயையும் ஒரே நாளில் துப்புரவாகவா?

வட சுவர் ஓட்டையை யாரோ அடைத்திருக்கிறார்கள். நான் குழைத்து வைத்த மீதி சிமெண்டும் காணோம். வேதையனாகத்தான் இருக்கும். கண்ணாடித் துண்டு போட்டு அடைத்திருப்பது சரி, பூச்சுதான் கேவலம். கரண்டி எடுக்காமல் விரலாலேயே அப்பியிருக்கிறார். ஓரத்தில் நீலக் கறை வேறு. போகட்டும், கேட்காமலே ஒரு வேலை நடந்திருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் என் ஏற்பாட்டைச் சொன்னேன். சோற்றுக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "எத்தன வச்ச? எங்கெங்க வச்ச?" என்று கேட்டாள். முதல்முறையாக ஒருவர் இதில் அக்கறை காட்டுகிறார். எதிரே அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். காகிதம் எடுத்து, படம் போட்டே அம்மாவுக்கு விளக்கினேன்.

ஆகஸ்ட் 7

1 முதல் 4 வரை காலி. எட்டு கேக். துகள் இல்லை. வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எந்த எலியும் தின்னாது. இது மனிதன்.

பாத்ரூம் தாழ்ப்பாளும் இல்லை. உடைக்கவில்லை, திருகாணியைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். புதிது வாங்கி மாட்டினேன்.

ஆகஸ்ட் 8

தாழ்ப்பாள் மறுபடியும் இல்லை. இந்த வீட்டில் என்ன நடக்கிறது?

ஆகஸ்ட் 9

கொட்டகைத் தரை முழுக்கவும் வட சுவர் ஓரமும் சலித்த கோலமாவைத் தூவி வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "மாவு வெல தெரியுமா ஒனக்கு?" என்றாள். வெள்ளைப் பரப்பில் எதுவும் தப்பாது.

காலை நிலவரம்: எலித் தடம் ஏராளம், எல்லாம் மேற்கு மூலையிலிருந்து. 5, 6, 7 வரை அகலமான வெறும் பாதம், இடது குதிகாலில் வெடிப்பு. வேதையன். வட சுவர் ஓரம், அடைத்த ஓட்டைக்கு முன்னால் சின்னப் பாதம் ஒரு ஜோடி. பெருவிரலுக்கு அடுத்த விரலைச் சுற்றி மெட்டி பதிந்த கோடு. அம்மா கிணற்றடிக்குப் போயிருப்பாள். அது முக்கியமில்லை.

5, 6, 7 காலி.

ஒன்று புரிகிறது. இவர் நம் பூச்சி மருந்தையும் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார், எலி மருந்தையும் எடுக்கிறார். எலியை வளர்க்கிறார். அம்மா இவரைத்தான் குடும்பத்து ஆள் மாதிரி நம்புகிறாள். அக்கா கிணற்றடியில் துணி துவைத்தால்கூட இவர் அந்தப் பக்கமே வேலை இழுத்துவைத்துக்கொண்டு நிற்கிறார். இன்று ஒரே வாழைமரத்துக்கு அரை மணி நேரம் சருகு உரித்தார்.

பழைய போன் ஒன்று இருக்கிறது. நாளை விடியற்காலை உத்தரத்தில் வைத்து ஓடவிடப் போகிறேன்.

ஆகஸ்ட் 10

கேமரா சாய்ந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கூரை ஓடு மட்டும் பதிவாகியிருக்கிறது. நாளைக்குக் கம்பி கட்ட வேண்டும். மூட்டைகளில் புதிய ஓட்டை ஒன்று.

ஆகஸ்ட் 11

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. வேதையன் கையில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு 8, 9, 10 குழாய்களைக் கவிழ்த்து, முழுசாக இருந்த மூன்றை எடுக்கிறார். எலி கடித்த மூன்றை விட்டுவிடுகிறார். முகம் தெளிவு.

மாடு கட்டிக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினேன். வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தார்.

"நாந்தான் தம்பி. மூஞ்சி நல்லாத்தான் வுழுந்திருக்கு."

"எதுக்கு எடுத்தீங்க?"

"அது வேணாம் தம்பி. கிட்டி வைக்கிறன், வளைய வெட்டுறன், என்னா வேணா செய்யிறன். மருந்து மட்டும் இந்த எடத்துல வேணாம்."

"எலி ஒழிஞ்சா வளை நெல்லு கெடைக்காது. அதான?"

துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"வளை நெல்லு. போன வருசம் ரெண்டு மரக்கா கெடச்சிது. கோழிக்குப் போட்டன்."

"அப்ப அலமாரி மருந்தெல்லாம் எதுக்கு உங்க வீட்டுக்குப் போச்சு?"

"அம்மாவக் கேளுங்க."

"நான் உங்களத்தான் கேக்குறேன். திருடலன்னா சொல்றதுக்கு என்ன?"

கொட்டகைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். "சொல்றதுக்கு எனக்கு வாயில்ல தம்பி. திருடன்னு நீங்க எழுதிக்கிட்டா எழுதிக்கிங்க" என்றார். வேலியைத் தாண்டும்போது நின்று, "ஒண்ணு சொல்லிடுறன். கெணத்தடிப் பக்கம் இருந்த கொழா ரெண்டையும் நான் தொடல. நான் வரக்குள்ளயே அது காலி" என்றார்.

இதையும் எழுதி வைக்கிறேன். பொய்.

ஆகஸ்ட் 12

வேதையன் வரவில்லை. பால் கறக்க எனக்குத் தெரியாது. மாடு உதைத்தது.

அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாந்தாண்டா எடுக்கச் சொன்னேன். மொத நாலு கொழாயில உள்ளத நானே எடுத்தேன். நீதான படம் போட்டுக் குடுத்த."

"ஏன்?"

"பகல் பூரா அவருதான் அவமேல ஒரு கண்ணு வச்சிருந்தாரு. அந்த மனுசனப் போயி." அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பிறகு சொன்னாள். ஏப்ரலில் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது சாப்பாடு அல்ல. அவளாகவே குடித்தது. கும்பகோணத்தில் என்ன நடந்தது என்பதையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவதான் சத்தியம் வாங்கிட்டா. தம்பி ஒருத்தனாவது என்ன எப்பயும் பாக்குற மாதிரி பாக்கட்டும்னா."

நான்கு மாதத்தில் நான் அக்காவுக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறேன். இரண்டாவது தடவை பேசியது சிம் கார்டு விஷயம்.

தாழ்ப்பாள் இரண்டும் திருகாணிகளோடு அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் இருக்கின்றன, கடுகுக்குப் பக்கத்தில்.

அம்மா எடுத்த எட்டும் எருக்குழியில் ஆழப் புதைத்தாயிற்று. மீதியை வேதையனிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 13

வேதையன் வீட்டு வாசலில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்.

"பேசுனது தப்புண்ணே" என்றேன்.

"தப்புதான்" என்றார். சீவுவதை நிறுத்தவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு கழி முழுவதையும் சீவி முடித்தபின், "ஒக்காருங்க, வெயிலு மண்டைய பொளக்குது" என்றார்.

பூட்டிய தகரப் பெட்டியில் நம் பூச்சி மருந்து அத்தனையும் இருந்தது. மேலே பாலித்தீன் பையில் நீல கேக். எண்ணினேன். ஒன்பது.

அம்மா எட்டு. வேதையன் ஒன்பது. எலி கடித்தது மூன்று. இருபது.

"இன்னும் நாலு வேணும்ணே."

"கெணத்தடி கொழாயா? அத அம்மா எடுத்துட்டாங்கன்னுல்ல நெனச்சன்."

அம்மா அதை வேதையன் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் நான் இந்த ஏற்பாட்டைச் சொன்னதே ஆறாம் தேதி மத்தியானம். அந்த நான்கும் அன்று காலையே இல்லை. ஐந்தாம் தேதி அது எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் எண் எழுதியவர்.

மெட்டித் தடம். அப்பா போன அன்றைக்கே அம்மா மெட்டியைக் கழற்றிவிட்டாள். அது முக்கியமில்லை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

சைக்கிளை எப்படி மிதித்து வந்தேன் என்று தெரியவில்லை. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னடா, நாயி தொரத்துச்சா?" என்றாள்.

அவள் குளிக்கப் போனபோது அவள் அலமாரியைச் சோதித்தேன். துணிப் பை, பழைய பர்ஸ், தையல் டப்பா. தலையணையின் ஓரத்தைப் பிரித்துப் பஞ்சுக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திருப்பித் தைத்து வைத்தேன். பிறகு பாத்ரூம் கதவுக்கு வெளியே போய் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டேன். "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை பதில் வர நேரமானது.

அம்மாவிடம் நான்கைப் பற்றிச் சொல்லவில்லை. கிணற்று மேட்டையும் வைக்கோல் போரின் அடியையும் தேடியாயிற்று. வேதையன் சாயங்காலமே வந்துவிட்டார். நேராக வாழை பக்கம் போய்ச் சருகு உரிக்க ஆரம்பித்தார். உரிக்க அங்கே சருகே இல்லை.

ஆகஸ்ட் 14

விடிந்ததிலிருந்து அவள் பின்னாலேயே இருந்தேன். பத்து மணிக்குக் கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என் தலகாணிய பிரிச்சது யாரு?"

நான் அவள் வாளியைத் தூக்கினேன்.

"தையல் அம்மாது இல்ல. ஆட்டுக்குட்டிக்குக் காயம் தைச்ச மாதிரி இருக்கு. நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

"கணக்குல நாலு இடிக்குதுக்கா."

"எந்தக் கணக்குல?"

"இருபத்துநாலுல."

"ஊர்ல எல்லாரையும் மூஞ்சிக்கு நேரா கேப்ப. என்னைக் கேக்க மட்டும் தலகாணிக்குள்ள கைய வுடுவியா?"

"எங்கக்கா வச்சிருக்க?" கேட்டுவிட்டேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் நேராக வட சுவருக்கு நடந்தாள். அடைத்த ஓட்டைக்கு முன்னால் நின்றாள்.

"இதுக்குள்ள. பதினொண்ணு, பன்னெண்டுன்னு எழுதக்குள்ளயே கையி நின்னுபோச்சுடா. தெனம் நாலு தரம் நான் நடக்குற வழி இது. அது இங்க கெடந்தா நான் அதையேதான் பாத்துக்கிட்டு கெடப்பேன். நீ கடைக்குப் போனதும் நாலையும் குச்சியால உள்ள தள்ளி, கண்ணாடிய ஒடச்சிப் போட்டு, நீ கொழச்சி வச்சத அப்பிட்டேன். சிமெண்டு பட்டு ரெண்டு நாள் கையி எரிஞ்சிது."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா, 'அத தொட்டியாடீ'ம்பா. நான் அத அடைச்சேங்கிறது அவ காதுல வுழுவாது. தொட்டேங்கிறதுதான் வுழும்."

"அப்புறமும் வந்து பாத்தியே. மாவுல தடம் இருந்துச்சு."

"பூச்சு வெடிச்சிருக்கான்னு பாக்க வந்தேன். வேல ஒழுங்கா நிக்கிதான்னு நீ பாக்க மாட்ட?"

கருவிப் பெட்டி கொட்டகை வாசலிலேயே இருந்தது. அவளே போய் உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"ஒடச்சி எண்ணிக்க. அப்பத்தான் நம்புவ."

நான் உளியைச் சுவரில் வைத்தேன். வைத்ததை இங்கே மறைக்கப் போவதில்லை. அவள் பக்கத்திலேயே நின்றாள். நகரவும் இல்லை, அழவும் இல்லை.

"நாலாந்தேதி தாழ்ப்பா மாட்டுன பாரு" என்றாள். "ஏப்ரலுக்கு அப்புறம் அன்னைக்கித்தான்டா நான் மனுசி மாதிரி குளிச்சேன். அம்மா கூப்புட்டுக்கிட்டே இருந்தா. நீ மட்டும், தொட்டிய காலி பண்ணிட்டியேன்னு திட்டுன. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா."

உளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் இந்த நோட்டை எடுத்தேன். ஆறாம் தேதி. 'பூச்சுதான் கேவலம். விரலாலேயே அப்பியிருக்கிறார். ஓரத்தில் நீலக் கறை வேறு.' என் கையெழுத்துதான்.

வெளியே வந்து பார்த்தேன். கறை இன்னும் இருக்கிறது. விரல் கோடுகள் மெல்லியவை. வேதையனின் ஒரு விரல் இவற்றில் இரண்டுக்குச் சமம்.

அந்த ஓட்டைக்கு மேல் சிமெண்ட் குழைத்து இன்னொரு பூச்சு பூசினேன். அக்கா தண்ணீர் தெளித்தாள். "ஒன் பூச்சும் ஒண்ணும் பிரமாதம் இல்ல" என்றாள்.

குழாய் 11, 12: நான்கு. மொத்தம் இருபத்து நான்கு. உடைத்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 16

நேற்றும் இன்றும் கொட்டகை வேலை. மூட்டைகளை மரச் சட்டத்தின் மேல் ஏற்றி, கால்களில் தகரம் சுற்றியாயிற்று. எலி ஏறினால் வழுக்கும். மேற்கு மூலைதான் எலி நுழையும் வாய் என்று கோலமாவு காட்டியிருந்ததால் வேதையன் அங்கே வரிசையாகக் கிட்டி வைத்தார். பத்துக்கு எட்டு. எண்பது சதவீதம் என்றேன். "எட்டு எலின்னு சொல்லுங்க தம்பி" என்றார். வளையை வெட்டியதில் ஒரு மரக்கால் நெல் வந்தது. அவர் கோழிக்கு.

ஒன்பது மூட்டை தேறும். ஒன்பது ஏக்கருக்கும் நாற்று விடலாம்.

காலை ஒன்பது மணிக்கு மேல் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அம்மாவிடம் கை நீட்டினேன். சுவர் விஷயத்தை நேற்று ராத்திரி சாப்பாட்டில் அக்காவே அவளிடம் சொல்லிவிட்டாள். அம்மா கேட்டது, அக்கா சொன்ன அதே 'தொட்டியாடீ'தான். ஆனால் கேட்டுவிட்டு, அக்காவின் கையை இழுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாளைத் தந்தாள். மூன்று திருகாணி தந்தாள். நான்காவதைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணுலயே நிக்கும்ல?"

"நிக்கும். ஆடும்."

கையை விரித்து அதையும் கொடுத்தாள்.

தஞ்சாவூர் டாக்டரை இன்று பார்க்க வேண்டும், பத்து மணி பஸ். இந்தத் தடவை கூட நான் போகிறேன். அக்கா துண்டோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. குழாயடியில் கிட்டி கழுவிக்கொண்டிருந்த வேதையன் நிமிர்ந்தார். அம்மா கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். நான் நோட்டும் கையுமாக நின்றேன். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

ஐம்பது நிமிடம். தொட்டி காலி. பத்து மணி பஸ் போய்விட்டது.

"தொட்டிய காலி பண்ணிட்டியே" என்று திட்டிவிட்டுப் போய் மோட்டார் போட்டேன்.